மேஸ்திரி கையால் ஒரு டீ

காலை 4.20க்குப் புதுச்சேரியில் சென்னைப் பேருந்து ஏறினேன். மரக்காணம் முப்பத்தைந்து கிலோமீட்டர். போனது உப்பளம் பார்க்க, பார்த்தது டீக்கடையை. ஊர் ஊராகக் காபிக்கடைகளைப் பற்றி எழுதியவன் என்ற மிதப்பு எனக்கு உண்டு. இங்கே புதிதாக என்ன இருந்துவிடப் போகிறது என்றுதான் இறங்கினேன்.

5.15. அளத்துக்குப் பிரியும் சாலை முனையில் ஒரு கடை சீரியல் விளக்கோடு மினுங்கியது. பன்னிரண்டு வருடம் துபாயில் இருந்துவிட்டுத் திரும்பிய காதர் பாய், மூடிக் கிடந்த தன் அத்தா கடையை அன்றுதான் திறந்திருந்தார். டீ பத்து ரூபாய், காபி பதினைந்து என்ற பலகையை ஒரு துண்டு போட்டு மறைத்திருந்தார். முதல் நாள், எல்லோருக்கும் சும்மா. எனக்கும் ஒரு காபி வந்தது. சுமார்தான்.

கடையின் பழைய கதையைப் பாலை ஆற்றிக்கொண்டே சொன்னார். முன்பு வேறொருவர் நடத்திய காலத்தில், அளத்து வேலைக்குப் போகும் காலனி ஆட்களின் கிளாஸ் தனியாக வெளியே இருக்குமாம். குடித்துவிட்டு அவர்களே கழுவிக் கவிழ்க்க வேண்டும். அத்தா கடையை எடுத்ததும் எல்லா கிளாஸையும் ஒரே வாளியில் போட்டார். ஊர்க்காரர்களில் பாதிப் பேர் வருவதை நிறுத்திவிட்டு, மழைக்காலம் வந்ததும் தாமாகத் திரும்பி வந்தார்களாம். நல்ல டீக்கு முன்னால் வீராப்பு எத்தனை நாள் நிற்கும்?

பெஞ்சில் என் பக்கத்தில் அஞ்சலை உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும், உப்பு வாருகிறவர். பத்து நாள் காய்ச்சலில் கிடந்து அன்றுதான் எழுந்து வந்திருந்தார். ஆவணி முடிகிறது. மழை இறங்கினால் அளத்தில் தை வரை வேலை இல்லை. இன்று சேராவிட்டால் அவர் இடத்தில் வேறு ஆள் போட்டுவிடுவார்கள்.

சேர்வது எப்படி என்று கேட்டேன். மேஸ்திரி கோவிந்தன் வேனில் வருவாராம். இங்கே நிறுத்தி, டீ வாங்கித் தன் கையால் கொடுப்பாராம். அதைக் குடித்தால் அன்று முதல் அவர் ஆள். அதற்கு மேல் பேச்சு கிடையாது. ஏற்கெனவே டீயும் கையுமாக இருக்கிறவரை இன்னொரு மேஸ்திரி கூப்பிடுவதும் கிடையாது.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே காதர் பாய் அஞ்சலை கையில் ஒரு டீயைத் திணித்துவிட்டார். திறப்பு நாள் டீயை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சீக்கிரம் முடித்துவிடலாம் என்று ஊதிக் குடித்தார். கொதிக்கிற டீயைச் சீக்கிரம் குடிக்க முடியாது.

5.40. வேன் வந்தது, வழக்கத்தைவிடப் பத்து நிமிடம் முன்னதாகவே. அஞ்சலை சட்டென்று எழுந்து கையைத் தூக்கினார், கிளாஸோடு. முன்சீட்டில் இருந்த மேஸ்திரி கிளாஸைப் பார்த்தார். கடையோரம் வேறோர் அளத்து டிராக்டர் நின்றதையும் பார்த்தார். சிரித்துத் தானும் கையை ஆட்டினார். வேன் போய்விட்டது.

அஞ்சலை மெதுவாக உட்கார்ந்தார்.

"யார் டீன்னு கேக்கக்கூட இல்ல பாய்" என்றார்.

காதர் பாய்க்கு அப்போதுதான் உறைத்தது. அத்தா விடிவதற்கு முன் யாருக்கும் ஓசி டீ கொடுத்ததே இல்லையாம். கஞ்சத்தனம் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தாராம். பேசிக்கொண்டே பிளாஸ்க்கில் டீயை நிரப்பி, கிளாஸ் ஒன்றை எடுத்து, ஸ்கூட்டரைக் கிளப்பினார். "ஏறுக்கா" என்றார். கடையை என்னிடம் விட்டுப் போனார். எனக்குப் பாய்லரைத் திறக்கவும் தெரியாது. வந்தவர்களிடம் பாய் இப்போது வந்துவிடுவார் என்று சொல்லிக்கொண்டு நின்றேன். உப்பளம் பார்க்க வந்த ஊரில் கடை பார்க்க நேர்ந்தது. பயமாகவும் இருந்தது, அந்த அம்மாவுக்காக.

6.30. பாய் தனியாகத் திரும்பினார்.

"சேத்துக்கிட்டாரா?"

"மொதல்ல ஆள் ஆயிடுச்சு போன்னாரு சார். நான் பிளாஸ்க்கயும் கிளாஸயும் அவர் கையில குடுத்தேன். ரெண்டையும் பாத்தாரு. அப்புறம் அவரே ஊத்தி, அவர் கையாலயே அக்காவுக்குக் குடுத்தாரு."

சொல்லிவிட்டுப் பலகையிலிருந்து துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டார். அடுத்த டீக்கு என்னிடம் பத்து ரூபாய் வாங்கினார்.

அன்று இரவு திருச்சிக்குத் திரும்பினேன். மறுநாள் வழக்கமான காபிக்கடையில் நண்பர் வழக்கம்போல் டோக்கன் வாங்கி, டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். இருபது வருடமாக நகர்த்துகிறார். பேச்சு சுவாரசியத்தில் நான் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. அன்று டம்ளரை மேசையிலிருந்து எடுக்கவில்லை. கையில் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.