அண்ணன் நீட்டிய ஜீப்

எங்கள் அண்ணன் அவர்கள் எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கை எழுதுவது இது. எங்கே தொடங்குவதென்றே புரியவில்லை. அண்ணனைப் பற்றி எனக்கு விளங்கியதை விட விளங்காததுதான் அதிகம்.

அண்ணன் பிறந்தது சங்கரன்கோவிலில், கோமதியம்மன் கோயிலுக்குப் பின்தெருவில். அவருக்கு மீசை முளைக்கும் முன்பே அப்பா தவறிவிட்டார். பெரியப்பாதான் பருத்தி ஆலையில் சேர்த்துவிட்டார். இரும்பு வேலை எல்லாம் அண்ணன் அங்கே கற்றுக்கொண்டார், பேசத்தான் கற்கவில்லை. எதைக் கேட்டாலும் அரை வார்த்தை வரும், மீதியை நாங்கள் ஊகித்துக்கொள்ள வேண்டும்.

யுத்தம் முடிந்தபின், ராணுவம் கழித்துவிட்ட ஜீப் ஒன்றை மதுரையில் ஏலம் எடுத்து வந்தார். என்னைக் கட்டிக்கொடுத்தது குருவிகுளத்துக்கு அப்பால், கரிசலுக்குள் பஸ் எட்டிப் பார்க்காத ஊர். ஜீப்புக்கு மேடுபள்ளம் ஒரு பொருட்டில்லை, இடந்தான் போதாது. என் மகனின் காதுகுத்துக்கு உறவினரை இரண்டு நடையாகக் கொண்டுவர வேண்டியதாயிற்று. முதல் நடையை அண்ணன் ஓட்டிவந்தார். இரண்டாம் நடைக்கு ஆலை நண்பர் ஒருவரை அனுப்பினார். அதில்தான் பெரியப்பா வீட்டார் வந்தார்கள். அதற்குள் நல்ல நேரம் போய்விடும் என்று, தாய்மாமனான அண்ணன் மடியில் பையனை உட்காரவைத்துக் காது குத்தியாகிவிட்டது.

பெரியப்பா பந்தலுக்குள் கால் வைக்கவில்லை. “தகப்பன் இல்லாத புள்ளைன்னு தூக்கி நிறுத்துனவன் நானு. இப்ப ரெண்டாம் நடைக்குத்தான் லாயக்கா?” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். அன்றிலிருந்து அவர்கள் எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை.

பிறகு என் மகளின் காதுகுத்து வந்தது. இதற்கும் பெரியப்பா வராவிட்டால் உறவு அத்தோடு போயிற்று என்று அம்மா அழுதார். அண்ணன் ஜீப்பை ஆலைக் கொட்டகையில் நிறுத்தி, முன் சீட்டுக்குப் பின்னால் அடிச்சட்டத்தைக் குறுக்கே அறுத்துவிட்டார்.

அம்மா பதறிப் போனார். “ஏலே, நல்லா ஓடுத வண்டிய எதுக்குல அறுக்க?”

“ஒரே நடைக்கு.”

அறுத்த இரண்டு பாதிகளுக்கும் நடுவே மூன்றடிக்குக் கனத்த இரும்புக் குழாய்களைக் கொடுத்து, அண்ணனும் நண்பரும் வெல்டிங் வைத்தார்கள். நடுவில் தொய்ந்துவிடாமலிருக்க, அடியில் இன்னும் இரண்டு குழாய்களை முட்டாகக் கொடுத்துப் பற்றவைத்தார்கள். எல்லாம் முடிந்து பார்த்தால், எஞ்சினிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் தண்டு எட்டவில்லை. வண்டி நீண்டுவிட்டது, தண்டு நீளவில்லை! புதிதாகக் கடைந்து வாங்க நாள் இல்லை. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி அது; அண்ணன் தண்டைக் கழற்றி வைத்துவிட்டு, முன் சக்கரம் மட்டும் இழுக்கும்படி ஓட்டத் தொடங்கினார். இத்தனை கைதேர்ந்தவர் தண்டை எப்படி மறந்தார் என்று நண்பருக்கே புரியவில்லை.

அண்ணன் வெற்றிலை பாக்குத் தட்டோடு பெரியப்பா வீட்டுக்குப் போனார். “முன் சீட்டு உங்களுக்கு. எல்லாரும் ஒரே நடை” என்றார். பெரியப்பா தட்டைத் திண்ணையில் வைக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஆனால் காதுகுத்தன்று காலையில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்து முன்னால் ஏறிவிட்டார்.

நான் வாழ்க்கைப்பட்ட ஊருக்கு முன்னால் ஓர் ஓடை உண்டு. பின்னால் அத்தனை பாரம் இருந்ததால் முன் சக்கரம் மண்ணைப் பிடிக்காமல் சுற்றியது, வண்டி கரையேறவில்லை. அண்ணன் கீழேயே வண்டியைத் திருப்பி ரிவர்ஸில் ஏற்றினார்; பாரம் முன் சக்கரத்தின் மேல் சாய்ந்ததால் ஏறிவிட்டது. மேலே பாதை குறுகல், திருப்ப இடமில்லை. அப்படியே பின்பக்கமாகவே பந்தலுக்கு வந்து நின்றார்.

பன்னீர்ச் செம்போடு நின்ற எங்களுக்குத் தலைசுற்றியது. பின்பலகையில் இருந்த தூரத்து உறவுகளும் பொடிசுகளும் முதலில் இறங்கினார்கள். வந்த வழியையே பார்த்தபடி பெரியப்பா கடைசியாக வந்து சேர்ந்தார்! போச்சு என்றே நினைத்தேன்.

அவர் மெல்ல இறங்கி வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார்.

“ஏலே, இதுல முன்னால எது, பின்னால எது?”

“தெரியலயே பெரியப்பா.”

பெரியப்பாவின் தோள் குலுங்கியது. பிறகு வாய்விட்டுச் சிரித்தார், துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “கடைசில எறங்குனவன் நாந்தான். இனிமே எவனும் முறை கிறைன்னு வரக்கூடாது” என்று சொல்லிவிட்டு முதல் பந்தியில் உட்கார்ந்தார்.

அதன்பின் நாள் நிறைய இருந்தும் அண்ணன் தண்டை நீட்டவேயில்லை. ஏனென்று கேட்டால் “இருக்கட்டும்” என்பார். மறந்தாரா, தெரிந்தேதான் விட்டாரா என்பது இன்றுவரை எனக்குக் குழப்பந்தான்.

சென்ற ஆண்டு நெஞ்சுவலி என்று படுத்தவர், அவர் மனைவி, எங்கள் மதினி, கஷாயம் வைத்துக் கொண்டுவருவதற்குள் போய்விட்டார். அந்த நாட்களில் மதினிக்குத் துணையிருந்த தெருக்காரர்களுக்கும், தோள் கொடுத்த ஆலை நண்பர்களுக்கும், கடையநல்லூரிலிருந்தும் சிவகிரியிலிருந்தும் ஓடிவந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. யாரை முதலில் எழுதுவதென்று தெரியாமல் நினைவுக்கு வந்தபடி எழுதியிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணனைத் தகனம் செய்த அன்று எல்லோரும் குளித்துவிட்டுத் திரும்பிய பிறகும் பெரியப்பா மட்டும் வீட்டுக்குள் வரவில்லை. ஜீப்பின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார். கூப்பிடப் போன என்னிடம், “மூத்தவன் நான் இருக்கேன் மக்கா, என்னய விட்டுட்டு முந்திட்டானே. இதுக்கு நான் யாருகிட்ட போயி கோவிக்க?” என்றார்.

நானும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.