எரிக்க முதல் ஒரு கொப்பி

பேனாட் அண்ணையைத் தெரியாதவர்கள், பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் இரண்டே வகை. ஒன்று, நேற்று வந்து இறங்கியவர்கள். மற்றது, கொத்துரொட்டி பிடிக்காதவர்கள். அவர் சாப்பாட்டுக் கடைக் குசினியில் நின்று கொத்துகிற சத்தம் தெருமுனை வரை கேட்கும். பெரிய உடம்பு, பெரிய வாய். ஒரேயொரு பலவீனம்தான்: முத்திரை குத்திய கடதாசி எதைக் கண்டாலும் போட்டோக்கொப்பி எடுக்காமல் மனுசனுக்கு நித்திரை வராது.

வராதுதான். வதிவிட அனுமதி காட் இல்லாமல் எத்தனையோ வருடம், பொலிஸைக் கண்டதும் மெத்ரோ ரயில் நிலையப் படியில் இறங்கிய வேகத்திலேயே திரும்பி ஏறியவர் அவர். காட் கிடைத்த அன்றே மனைவி இம்மாகுலேற் வீட்டுக்கு ஒரு சட்டம் போட்டாள்: எந்தக் கடதாசிக்கும் இரண்டு கொப்பி. புறநகர் வில்லியே லே பெல்லில் இருக்கிற வீட்டு அலுமாரியில் உடுப்பை விடக் கொப்பிகள்தான் அதிகம். செத்துப்போன பூனையின் தடுப்பூசி அட்டைக்குக்கூட இரண்டு இருக்கிறது.

இப்படிப்பட்ட ஆளைத்தான் சினிமாக்காரர்கள் தேடிப் பிடித்தார்கள்.

தென்னாபிரிக்காவின் நிறவெறி ஆட்சியை எதிர்த்தவர்களைப் பற்றிய சரித்திரப் படம். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழைய ரயில் கொட்டகையை டர்பன் நகரத் தெருவாக மாற்றியிருந்தார்கள். இயக்குநர் ஷார்லோத் ஒருநாள் கொத்துரொட்டி வாங்க வந்த இடத்தில் பேனாட்டின் முகத்தைப் பார்த்து அசந்துபோனாள். அந்த முகம் தனக்கு வேண்டும் என்றாள். கறுப்பின மக்கள் பாஸ் இல்லாமல் நகரத்தில் நடமாட முடியாத காலம் அது. இந்திய வம்சத்தவருக்கோ மாகாணம் தாண்ட அனுமதிப் புத்தகம் வேண்டும். படத்தின் உச்சக் காட்சியில் எல்லாரும் அவற்றைத் தெருவில் போட்டு எரிப்பார்கள். அப்போது பேனாட்டின் முகம் மட்டும் திரை நிறைய வரும்.

ஞாயிறு பூசை முடிந்து வருகிற ஒவ்வொருவரையும் கோயில் வாசலில் மறித்து இதைச் சொன்னார். கனடாவில் இருக்கிற சொந்தங்களுக்கும் சொன்னார். இனி அந்த முகம் திரையில் வராவிட்டால் அதைக் கொண்டுபோய் எங்கே வைப்பது? போதாக்குறைக்குப் பக்கத்து மளிகைக் கடை இராஜதுரையும் அதே கூட்டத்தில், அவருக்கு நேர் பின்னால், தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு நின்றார்.

படப்பிடிப்பு நாளில் புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள். திறந்தால், உள்ளே பேனாட்டின் சொந்தப் படம்! அதன் மேல் வட்ட முத்திரை, கீழே ஏதோ ஓர் அதிகாரியின் கையெழுத்து. எரிகிற பீப்பாயைச் சுற்றி நின்ற எல்லாரும் எறிந்தார்கள். பேனாட் புத்தகத்தைப் பக்குவமாக மூடிச் சட்டைப் பைக்குள் வைத்தார். கை தன்பாட்டில் செய்த வேலை அது. அடுத்த தடவை எப்படியோ எறிந்துவிட்டார். எறிந்த வேகத்திலேயே பாய்ந்து திருப்பியும் எடுத்து, விரலைச் சுட்டுக்கொண்டார். சாப்பாட்டுக்குப் பிறகு கடைசியாக ஒரு தடவை, அதுவும் சரிவராவிட்டால் இராஜதுரைதான் என்றாள் ஷார்லோத். இராஜதுரை சீப்பை எடுத்தார்.

சாப்பாட்டு நேரத்தில் பேனாட் சாப்பிடவில்லை. கிழிந்த சட்டை, கரி பூசிய முகம், வெறுங்கால் என்று வேடத்தோடேயே லா சப்பல் நடுவால் ஓடினார். தெரிந்தவர் ஒருவர், வேலை போய்விட்டதாக்கும் என்று இரக்கப்பட்டு, ஒரு ரோல்ஸை அவர் கையில் திணித்தார். அதைக் கடித்தபடியே கொப்பிக் கடைக்குள் நுழைந்து புத்தகத்தை மூன்று கொப்பி எடுத்தார். இரண்டு வீட்டுச் சட்டப்படி, ஒன்று நெருப்புக்கு. ஒறிஜினலை யாராவது கையை விட்டுக் கொடுப்பார்களா?

மூன்றாம் தடவை பேனாட்டின் முகத்தில் அப்படியொரு வீரம். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். வெள்ளை வெளேரென்ற போட்டோக்கொப்பித் தாள் ஒன்று பீப்பாய்க்குள் விழாமல் டர்பன் தெருவின் மேலால் பறந்து போனது.

ஷார்லோத் கத்தவில்லை. தனியே கூப்பிட்டு, ஏன் என்று கேட்டாள். பேனாட் தன் குசினிப் பிரெஞ்சில் மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டார்: எரித்துவிட்டால் இந்தச் சனத்துக்குப் புதிது யார் கொடுப்பார்கள்?

“புதிது வேண்டாம் என்றுதான் எரிக்கிறார்கள், பேனாட்,” என்றாள் அவள். “இனி எவனும் தங்களிடம் அதைக் கேட்கக்கூடாது என்று.”

பேனாட் ஒரு பெட்டியின் மேல் குந்திவிட்டார். இத்தனை வருடமும், கடவுளே எனக்கும் ஒரு காட் கிடைக்க வேண்டும் என்று மட்டுமே மன்றாடியிருக்கிறார். பொலிஸ் அதைக் கேட்கிறதே பிழையாக இருக்கலாம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. மெத்ரோப் படியில் திரும்பி ஏறி ஓடிய அந்த ஆளை நினைத்ததும் அவருக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

எழும்பிப் போனார். அவருடைய இடத்தில் இராஜதுரை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

“அண்ணை, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ,” என்றார் பேனாட். “இதை நான்தான் எரிக்கோணும்.”

அந்தக் குரலைக் கேட்டு இராஜதுரை தள்ளி நின்றார். பேனாட் ஒறிஜினலை எறிந்தார். தன் படம் சுருண்டு கருகுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவருக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. நிறுத்து என்று சொல்ல ஷார்லோத் மறந்துபோனாள்.

படம் வெளியானபோது லா சப்பலில் பாதிப் பேர் தியேட்டரில் இருந்தார்கள். நெருப்பு வெளிச்சத்தில் பேனாட்டின் அழுத முகம் திரை நிறைய வந்தது; பின்னால் இராஜதுரையின் ஒரு காது. இம்மாகுலேற் கண்ணைத் துடைத்து, புருசனின் கையை இறுக்கிப் பிடித்து, காதுக்குள் குனிந்தாள்.

“இஞ்சாருங்கோ, எரிக்க முதல் கொப்பி எடுத்தனீங்களோ?”

“ஓம்.”

“எத்தினை?”

“ரெண்டு.”

அவள் பெருமூச்சு விட்டு, சாய்ந்திருந்து, மிச்சப் படத்தை நிம்மதியாகப் பார்த்தாள்.