கேத்தல் கண்டுபிடித்த கொதி

என் கார் கொதித்தது. ஒருதரம் அல்ல, அந்த வருஷம் ஆறேழு தரம். வாடகைக் கார் ஓடுகிறவனுக்குச் சத்தம் போடுகிற கார் பரவாயில்லை, ஆடுகிற கார் பரவாயில்லை. கொதிக்கிற கார் என்று பேர் எடுத்தால், அடுத்த நாளிலிருந்து ஸ்டாண்டில் சும்மா நிற்க வேண்டியதுதான். பழைய கார் வைத்திருக்கும் உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நீங்களும் ரோட்டை விட வெப்ப முள்ளைத்தான் அதிகம் பார்ப்பவர்கள்.

காருக்கு வயது முப்பது. எனக்கு எழுபது. காரைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கச் சொல்லி, கட்டாரில் வேலை செய்யும் மகன் போனில் தொடங்கிவிட்டான். வீட்டில் இருக்க எனக்குத் தெரியாது.

பாலத்தில் சோறு

ஓட்டமாவடிப் பாலம். பின் சீட்டில் கல்யாண வீட்டுக்குப் போகிற மூன்று பெண்கள், பட்டுச் சேலையோடு. பாலத்தின் நடுவில் முள் சிவப்புக்குப் போனது. நிறுத்திப் பொனட்டைத் திறந்தேன். ஆவி முகத்தில் அடித்தது. பின்னால் நின்ற பஸ்காரன் ஹோர்னில் கை வைத்தவன் எடுக்கவே இல்லை.

பெண்கள் ஓட்டோ பிடித்தார்கள். கடைசியாக இறங்கியவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பொனட்டை எட்டிப் பார்த்துக் கேட்டார்: "சோறு வெந்திட்டா அண்ணன், வடிப்பமா?"

குளிர்

கார் திருத்துகிற கராஜ் பாஸிடம் போனேன். தெர்மோஸ்டாட் என்று சின்ன வால்வு ஒன்று இருக்கிறது. என்ஜின் சூடாகும் வரை தண்ணீரை மறித்து வைக்கும், சூடானதும் திறந்துவிடும். இந்த வெயில் நாட்டுக்கு அது என்னத்துக்கு என்று பாஸ் அதைக் கழற்றிப் புல்லுக்குள் எறிந்தார். நம் ஊரில் பாதிக் கார்களுக்கு இதே வைத்தியம்தான். உங்கள் காரிலும் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

முள் கீழே விழுந்து படுத்துக்கொண்டது. வென்றேன் என்று ஸ்டாண்டுக்கே தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். நாலு மாதத்தில் காலையில் இருமல், பெட்ரோல் கண்டபடி குடிப்பு, பின்னால் நீலப் புகை. என்ஜினுக்கென்று ஒரு சூடு இருக்கிறது. அதற்குக் குறைந்தாலும் தேயும். எனக்கு அது பிந்தித்தான் தெரிந்தது. பாஸிடம் போய்ச் சத்தம் போட்டேன். அவர் நிமிரவே இல்லை. "வயசு போனா எல்லாருக்கும் குளிரும்தானே ஐயா."

நசீரின் பொறுமை

வால்வும் இல்லை, ஆனாலும் ஏறாவூரில் மறுபடி கொதித்தது. மகன் கடைசி வார்த்தை சொன்னான்: இன்னும் ஒருதரம் கொதித்தால் இரும்புக்காரனுக்கு அவனே போன் எடுப்பானாம்.

போன் தேவைப்படவில்லை. பழைய இரும்பு வாங்குகிற நசீர் தினமும் ஸ்டாண்டுக்கு வந்துகொண்டிருந்தான். காரைச் சுற்றி நடப்பான். டயரைக் காலால் தட்டுவான். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவன் போல ஒரு சிரிப்பு. போகச் சொன்னேன். போனான், போகிற போக்கில் சொன்னான்: "நான் அவசரப்படல்ல அண்ணன், அடுத்த கொதிக்குச் சொல்லுங்க."

கேத்தல்

எங்கள் ஸ்டாண்டுக்குப் பின்னால், வாவிக் கரையோடு ஒரு கிணறு. உவர்த் தண்ணி. வாயில் வைக்க ஏலாது. ஆனால் ரேடியேட்டருக்கு நாக்கா இருக்கிறது என்று ஸ்டாண்டில் எல்லாரும் அதைத்தான் ஊற்றுவோம். நானும் காலை காலை ஊற்றினேன், வருஷக்கணக்காக.

பக்கத்தில் தேத்தண்ணிக் கடை வைத்திருப்பவள் பரீதா. ஒருநாள் நான் தண்ணிக் கானோடு வருவதைப் பார்த்து, ஊற்றவிடாமல் மறித்தாள். கடைக்குள் போய், தேத்தண்ணிக்கு நீர் கொதிக்கவைக்கிற பழைய கேத்தல் ஒன்றைக் கொண்டுவந்து பொனட்டின் மேல் கவிழ்த்துத் தட்டினாள். வெள்ளைக் கட்டி கட்டியாக விழுந்தது, சுண்ணாம்பு போல. ஒரு கட்டியை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தேன். அவள் கேட்டாள்: "இந்தத் தண்ணியில ஒரு வருஷத்தில என்ட கேத்தல் செத்துது, உங்கட கார் எத்தின வருஷமாக் குடிக்குது?"

லுணுகலை ஏற்றம்

அன்றைக்கே ரேடியேட்டரைக் கழற்றுவித்தேன். குழாய்களில் பாதி அடைப்பு. உள்ளே அதே வெள்ளை. தண்ணி ஓட வழியில்லாமல்தான் கொதித்திருக்கிறது. வயது பாதி, கிணறு பாதி. பாஸ் எல்லாவற்றையும் கழுவி, கிணற்றுத் தண்ணிக்குப் பதில் கூலன்ட் ஊற்றி, புது தெர்மோஸ்டாட்டும் போட்டார். தேய்ந்தது தேய்ந்ததுதான், நீலப் புகை இன்றைக்கும் வருகிறது.

அடுத்த வாரம் நசீர் மலைநாட்டுப் பதுளைக்கு ஹயர் போகக் கார் கேட்டான். அங்கே ஒரு பழைய லொறி பார்க்க வேண்டுமாம். எனக்குத் தெரியும், அவன் பார்க்க வந்தது என் முள்ளை. முன் சீட்டிலேயே ஏறினான். பிபிலை தாண்டி ஏற்றம் தொடங்கியது. இரண்டாம் கியர், வளைவுக்கு மேல் வளைவு, ஏசியும் போட்டுவிட்டேன். முள் நடுவில் ஆணி அடித்தது போல நின்றது. அவன் முள்ளைப் பார்த்தான், நான் ரோட்டைப் பார்த்தேன். எத்தனை வருஷத்துக்குப் பிறகு!

லுணுகலையில் லொறிகள் ஓரத்தில் நின்று மூச்சு வாங்கின. நான் நிறுத்தவில்லை. பசறையிலும் நிறுத்தவில்லை. பதுளைக்குக் கிட்டத்தான் நசீர் வாய் திறந்தான்: "தோத்திட்டன் அண்ணன், ஒரு தேத்தண்ணிக்காவது நிப்பாட்டுங்க."

பாஸ் வால்வைப் பார்த்தார், மகன் வயதைப் பார்த்தான், நசீர் இரும்பின் நிறையைப் பார்த்தான். தண்ணியைப் பார்த்துக் காரைத் திருத்தியவள் தேத்தண்ணிக் கடைப் பரீதா.