புத்தகக் கருவாடு

லீமாரோசுக்கு மேகத்தைக் கண்டால் ஆகாது. பாம்பனில் மற்றப் பெண்கள் மேகத்தைப் பார்த்தால் கடலுக்குப் போன புருஷனை நினைத்துக் கலங்குவார்கள். இவளுக்குக் கடலில் ஆளே கிடையாது. வீட்டு மூலையில் ஒரு தகரப்பெட்டி இருந்தது, அதுதான் கவலை. கிழக்கே கறுத்தால் போதும், கருவாட்டு பேரத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வருவாள். கூரை ஒழுகுகிறதா என்று அண்ணாந்து பார்ப்பாள், பெட்டியைத் தடவிப் பார்ப்பாள். அதற்குப் பிறகுதான் மூச்சு நிதானத்துக்கு வரும்.

பெட்டி அவளுடையது அல்ல. ரயில் பாலத்தில் மேற்பார்வை வேலை பார்த்த மக்னீல் துரையுடையது. அவர் ஸ்காட்லாந்துக்காரர். இங்கிலாந்துக்காரர் என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்கு முழுதும் முகம் கொடுத்துப் பேசமாட்டார். ஊரில் அவருக்குப் பாட்டுத்துரை என்று பெயர். வேலை முடிந்து பங்களாவுக்கு வந்து பூட்ஸைக் கழற்றும்போதே பாடத் தொடங்கிவிடுவார். அவர் தேசத்தில் வலை இழுக்கிறவர்களும் ஆடு மேய்க்கிறவர்களும் பாடுகிற பாட்டுகளாம். மரியதாஸ்தான் அப்படிச் சொல்வான். அவன் துரையின் சமையல்காரன், லீமாரோசின் புருஷன். அவளும் அங்கேதான் வீடு கூட்டி, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

சுதந்திரம் வந்த மறுவருஷம் துரை காய்ச்சலோடு கப்பல் ஏறினார். கிராமபோனை ஒரு சிநேகிதருக்குக் கொடுத்துவிட்டார். பாட்டுப் புத்தகங்களும் இசைத்தட்டுகளும் இருந்த பெட்டியை மட்டும், ஆள் அனுப்பி எடுத்துக்கொள்வதாகச் சொல்லி மரியதாஸிடம் விட்டுப் போனார். அதில் வெள்ளைத்தாள் ஒட்டிய தட்டு ஒன்று உண்டு. அது அவரே பாடி, கொழும்பில் பதிவு செய்துகொண்டு வந்தது. மற்றவை போனால் காசு கொடுத்து வாங்கலாம், இது உலகத்திலேயே ஒன்றுதான் என்று விரலைக் காட்டிச் சொல்லியிருந்தார்.

ஆள் வரவில்லை. கடிதமும் வரவில்லை. மூன்று வருஷம் கழித்து மரியதாஸும் விஷக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். கடைசியாகப் பெண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டு அவன் சொன்னது, “பெட்டி பத்திரம்” என்பதுதான். ஒரு மனுஷன் சாகப்போகும்போது பெண்டாட்டியிடம் சொல்கிற பேச்சா இது? அந்தக் கோபம் லீமாரோசுக்குத் தீரவே இல்லை. ஆனால் பெட்டியையும் விடவில்லை. பிள்ளை குட்டி இல்லாத வீட்டில், அவன் அவளை நம்பி ஒப்படைத்தது அது ஒன்றுதான்.

வயிற்றுப்பாட்டுக்குக் கருவாடு போட்டாள். நெத்திலி, சூடை, வாளை என்று வாங்கி, உப்பு வைத்து, மணலில் பாய் விரித்துக் காயவைத்து விற்பாள். கைக்கு அப்படி ஒரு பக்குவம். அவள் கருவாட்டில் புழு வைத்ததாக யாரும் சொன்னதில்லை. “வெயிலு காட்டுனா எதுவும் கெடாது” என்பது அவள் தீர்மானம். அந்தத் தீர்மானத்தைப் பெட்டிக்கும் பொருத்தினாள். ஐப்பசி, கார்த்திகை மழையில் எல்லாம் நமுத்துப் போயிருக்கும். தை பிறந்ததும், மீன் வாடை படாத தனிப் பாயை விரித்து, புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வைப்பாள். கோடு போட்டு, கோட்டின் மேல் புள்ளி புள்ளியாக வைத்த புத்தகங்கள். பக்கத்தில் இசைத்தட்டுகளை வரிசையாகப் பரப்புவாள். காக்கா எச்சம் விழாமல் கையில் குச்சியோடு உட்கார்ந்திருப்பாள். சாயங்காலம் வேப்பிலையும் வசம்பும் போட்டு உள்ளே அடுக்குவாள்.

“மதினி புத்தகக் கருவாடு போட்டிருக்காக. வீசை என்ன வெலைன்னு கேளுங்கடி” என்பாள் மரியதாஸின் தங்கை மிக்கேலம்மாள். அவளுக்கு அந்தப் பெட்டி மேல் ஒரு கண். மகள் கல்யாணத்துக்குத் துணிமணி வைக்க நல்ல தோதான பெட்டி. உள்ளே இருப்பதைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டுப் பெட்டியைக் கொடு என்று கேட்டுப் பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள், ஒரு வருஷம் பேசாமலும் இருந்து பார்த்தாள். லீமாரோஸ் மசியவில்லை.

தட்டுகள் கொஞ்சம் கொஞ்சமாக வளைவதை அவள் பார்க்காமல் இல்லை. காய்ந்தால் எதுவும் கொஞ்சம் வளையத்தான் செய்யும், வாளை வளையவில்லையா என்று நினைத்துக்கொண்டாள். பாட்டு கெடும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. போட்டுக் கேட்க வீட்டில் கிராமபோனும் இல்லை.

துரை போன பன்னிரண்டாம் வருஷம் மாசியில் பங்குச் சாமியார் ஆள் விட்டுக் கூப்பிட்டார். சீமையிலிருந்து கடிதம் வந்திருந்தது. துரை ஆப்பிரிக்காவில் எங்கெங்கோ வேலை பார்த்து அங்கேயே இறந்துவிட்டாராம். அவர் தங்கை கொழும்புக்குப் போகிற வழியில் அடுத்த வாரம் பாம்பனில் இறங்குகிறாளாம். பெட்டியை வாங்கிப் போய், தங்கள் ஊர் நூல்நிலையத்தில் அண்ணன் பெயரில் வைக்கப் போகிறாளாம். “அந்தம்மாவுக்கு அஞ்சாறு வயசிருக்கையில அண்ணன் கப்பல் ஏறிட்டாராம். அவரு குரலக்கூட ஞாபகம் இல்லைன்னு எழுதியிருக்காங்க” என்றார் சாமியார்.

லீமாரோஸ் தலை நிமிர்ந்துதான் வீடு திரும்பினாள். எதிரே வந்த மிக்கேலம்மாளிடம் நின்று ஒவ்வொரு விவரமாகச் சொன்னாள். துடைத்து வைக்கலாமென்று பெட்டியைத் திறந்தபோது ஒரு ஆசை வந்தது. கொடுப்பதற்கு முன்னால் துரை பாட்டை ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். கல்யாண வீடுகளுக்கு மைக் செட் கட்டும் நெய்னா முகம்மதிடம் வெள்ளைத்தாள் தட்டைத் துணியில் சுற்றி எடுத்துப் போனாள்.

அவன் தட்டை வைத்துச் சுழல விட்டதும் அது படகு மாதிரி ஏறி இறங்கியது. முள் துள்ளியது. குரல் ஓர் அலறலாகக் கிளம்பி, இழுத்து, அறுந்தது. நெய்னா முகம்மது சட்டென்று முள்ளைத் தூக்கினான்.

“அக்கா, இத வெயில்ல வச்சீகளா?”

“வருசா வருசம் வைப்பேன் தம்பி.”

அவன் தட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தான். பிறகு, “இது அரக்குல செஞ்சது அக்கா, சூடு ஆகாது. அல்லாவே, யாரும் சொல்லலையா உங்களுக்கு?” என்றான். யார் சொல்வது? அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அசிரத்தையாக விட்டுக் கெட்டிருந்தால் மனசு ஆறியிருக்கும். பார்த்துப் பார்த்துச் செய்தே கெடுத்திருக்கிறோமே என்பதுதான் அவளைத் தின்றது.

அந்த வாரம் அவள் சோறும் தின்னவில்லை, ஓரிடத்தில் உட்காரவும் இல்லை. வேறொரு தட்டை அம்மிக்கல்லுக்கு அடியில் வைத்துப் பார்த்தாள். அது இரண்டாக உடைந்தது. கண்ணீரும் மூக்குமாக மறுபடி நெய்னா முகம்மதிடம் ஓடினாள். அவன் யோசித்து, ராமநாதபுரத்தில் ஓர் ஆள் இப்படி வளைந்ததை நிமிர்த்துவதாகக் கேள்விப்பட்டிருப்பதாகச் சொன்னான். இரண்டு கண்ணாடிக்கு நடுவில் தட்டை வைத்து, மேலே பாரம் ஏற்றி, இதமான வெயிலில் வைக்க வேண்டுமாம். “நான் செஞ்சு பாத்ததில்ல அக்கா. இன்ஷா அல்லா, ஆனா ஆச்சு.”

திரும்பவும் வெயிலா? லீமாரோசுக்குப் பயம்தான். ஆனால் வேறு வழி இல்லை. அவ்வளவு பெரிய கண்ணாடிக்கு எங்கே போவது? வீட்டில் திரு இருதய ஆண்டவர் படமும் அந்தோனியார் படமும் சட்டம் போட்டு மாட்டியிருந்தன. “கோவிச்சுக்கிறாதீக” என்று இருவரிடமும் சொல்லிவிட்டு ஆணியைப் பிடுங்கினாள். இதைப் பார்த்த மிக்கேலம்மாள், மதினிக்கு மூளை பிசகிவிட்டது என்று தெரு முழுக்கச் சொல்லிவந்தாள். சொல்லிவிட்டுத் திரும்பிவந்து, கூடவே உட்கார்ந்து காக்காயும் விரட்டினாள்.

விடிந்ததும் இளவெயிலில் ஒன்று, வெயில் ஏறுவதற்குள் இன்னொன்று என்று ஒவ்வொரு தட்டாக வைத்தாள். கண்ணாடி சுட்டால் உடனே நிழலுக்கு இழுத்துவிடுவாள். முக்கால்வாசித் தட்டுகள் படிந்துவிட்டன. வெள்ளைத்தாள் தட்டைக் கடைசியாக வைத்தாள். அதுவும் படிந்தது, ஆனால் முழுதாகப் படியவில்லை. நெய்னா முகம்மது போட்டுக் காட்டினான். இப்போது முள் துள்ளவில்லை, பாட்டும் அறுபடவில்லை. குரல் மட்டும் ஆடியது. குளிரில் நடுங்குகிறவன் பாடுவது போல ஒவ்வொரு இழுப்பிலும் ஏறி இறங்கியது.

துரையின் தங்கை மிஸ் மக்னீல் ஒடிசலான அம்மாள். சிவந்த மூக்கு, ஓயாமல் கைக்குட்டையை மடக்கும் கை. சாமியார் வீட்டு முன்னறையில் பெட்டியைத் திறந்து, ஒரு புத்தகத்தை எடுத்து முகர்ந்தாள். வேப்பிலை வாசம் அடித்திருக்கும். பூச்சி அரிக்காத பக்கங்களைத் தள்ளத் தள்ள அவள் கண் நிறைந்தது. நெய்னா முகம்மது தன் செட்டைக் கொண்டுவந்து தயாராக வைத்திருந்தான். வெள்ளைத்தாள் தட்டு சுழன்றது.

பாட்டு முடிகிறவரை அந்த அம்மாள் அசையவில்லை. முடிந்ததும் லீமாரோஸைப் பார்த்து ஏதோ கேட்டாள். சாமியார் தமிழில் சொன்னார். “அண்ணன் இப்படித்தான் பாடுவாரான்னு கேக்குறாங்க. நீதான அவரு பாட்டக் கேட்டவ.”

அந்தக் குரலைத் தினமும் கேட்டவர்களில் மரியதாஸ் போய்விட்டான், இப்போது மிஞ்சியிருப்பது லீமாரோஸ்தான். இல்லை என்று சொன்னால் வெயில் கதையையும் சொல்ல வேண்டும். இவ்வளவு தூரம் வந்தவளிடம் உன் அண்ணன் குரலைக் கெடுத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது?

“ஆமா சாமி. இப்படித்தேன்” என்றாள்.

அந்த அம்மாள் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். மறுநாள் கொழும்புக் கப்பலுக்குப் போகிற போட் மெயில் ரயிலில் புறப்பட வேண்டும் என்றாள். ஊரே லீமாரோஸை மெச்சியது. மிக்கேலம்மாள்கூட, “என்னதான் சொல்லு, மதினி மதினிதான்” என்றாள். அந்த மெச்சல் எதுவும் லீமாரோசுக்கு ஒட்டவில்லை. மறுநாள் காலையில் மீன் வாங்கப் போனவள் வாங்காமல் வந்தாள். மூலையில் பெட்டி இருந்த இடத்தைக் கூட்டினாள், அதையே திரும்பவும் கூட்டினாள். இனி துரையின் ஊரில் எத்தனையோ பேர் அந்தத் தட்டைப் போட்டுக் கேட்பார்கள். நடுங்கிய குரல்காரர் என்று துரையை நினைப்பார்கள். கூடப் பிறந்தவளும் அப்படித்தான் நினைப்பாள். விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

வண்டி நின்றுகொண்டிருந்தது. மிஸ் மக்னீல் ஜன்னலோரம் இருந்தாள். சாமியாரைக் காணோம். ஸ்டேஷன் மாஸ்டர் ராமசுப்பிரமணியன்தான் கையில் பச்சைக்கொடியோடு பக்கத்தில் நின்றிருந்தார்.

“சார், இந்தம்மாட்ட ஒன்னு சொல்லணும். அவுக அண்ணன் கொரல் ஆடவே ஆடாது சார். நாந்தேன் தட்ட வெயில்ல வச்சுக் கெடுத்துப்புட்டேன். நேத்து கேட்டப்ப ஆமான்னு பொய் சொல்லிட்டேன்.”

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு இங்கிலீஷில் சொன்னார். மிஸ் மக்னீல் முகத்திலிருந்து சிரிப்பு போயிற்று. கோபம் வரும் என்று லீமாரோஸ் காத்து நின்றாள். அவள் மெதுவாக ஏதோ கேட்டாள்.

“அப்போ எப்படித்தான் இருக்கும்னு கேக்கறாங்கம்மா.”

“நேரா இருக்கும் சார். அப்படியே நேரா வந்து...” அதற்கு மேல் வார்த்தை கிடைக்கவில்லை.

“நேரான்னா இதை நான் எப்படிம்மா சொல்றது?” என்றார் அவர். கார்டு விசில் ஊதினார்.

இனி நேரம் இல்லை. லீமாரோஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தத் தட்டில் இருந்த பாட்டையே பாடத் தொடங்கினாள். கோயில் பாட்டைத் தவிர வேறெதையும் நாலு பேர் முன்னால் பாடியவள் அல்ல. கூவிக் கூவிக் கருவாடு விற்ற கரகரத்த தொண்டை. வார்த்தைகள் பாதி விழுங்கப்பட்டுத்தான் வந்தன. ஆனால் துரை எங்கே நிறுத்துவாரோ அங்கே நிறுத்தினாள், எதை ஆடாமல் அசையாமல் நீட்டுவாரோ அதை அப்படியே நீட்டினாள். பிளாட்பாரத்தில் சுக்குக் காப்பி விற்றவன் கூவுவதை விட்டுப் பார்த்தான். மிஸ் மக்னீல் கையை வெளியே நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வண்டி நகர்ந்தது. லீமாரோஸ் பாடிக்கொண்டே கூட நடந்தாள், பிறகு ஓடினாள். அந்த அம்மாளின் உதடுகளும் அவளோடு சேர்ந்து அசைந்தன. பிளாட்பாரம் முடிகிற இடத்தில் கை விட்டுப்போயிற்று.

வண்டி தனுஷ்கோடிப் பக்கம் போய் மறைந்தது. ராமசுப்பிரமணியன் கொடியைச் சுருட்டிக்கொண்டே வந்தார்.

“நல்லாத்தான் பாடறியேம்மா. அந்தப் பாட்டுக்கு என்ன அர்த்தம்?”

லீமாரோஸ் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூச்சு இன்னும் வாங்கியது.

“தெரியாது சார்” என்றாள். “அந்தம்மாட்ட கேக்க மறந்துட்டேன்.”