மூன்று என்று சொன்னேன்

காலை ஒன்பதரைக்குக் கைப்பேசி அடிக்கும். மருத்துவமனையிலிருந்து ஒரு சிஸ்டர். மராட்டிக்காரி. முகம் சரியாக நினைவில்லை, குரல் மட்டும் தெரியும். "ஆஜ் கித்னி பார், காக்கா?" என்பாள். காக்கா என்றால் இங்கே சித்தப்பா. இன்றைக்கு எத்தனை தடவை வயிற்றால் போயிற்று என்று கேள்வி. முப்பத்திரண்டு வருடமாக மும்பையில் இருக்கிறேன். ஊரில் எதிர்ப்படுகிற எவனும் சாப்பிட்டாச்சா என்பான். இங்கே அப்படி யாரும் கேட்டதில்லை. கடைசியில் இந்த நகரம் என்னிடம் அக்கறையாகக் கேட்க ஆரம்பித்தது இதைத்தான். "தீன்," என்பேன். மூன்று. அவள் குறித்துக்கொள்வாள். தினமும் மூன்று. தினமும் பொய்.

தாராவியில் சட்டை தைக்கும் பட்டறை ஒன்றில் நான் கட்டிங் மாஸ்டர். காலையிலிருந்து பொழுது சாயும்வரை மேஜையோரம் வெறுங்காலோடு நிற்கிற வேலை. வலது குதிகாலில் ஒரு கறுப்பு விழுந்தபோது, கால் ஆணி என்றாள் என் மனைவி இசக்கி. ஆணிக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியை வாங்கி ஒட்டினேன். பிளேடால் சீவினேன். கறுப்பாய்ப் பிறந்தவன் உடம்பில் ஒரு கறுப்பு கூடினால் யார் கவனிக்கிறார்கள்? மெலனோமா என்று டாக்டர் அதற்குப் பெயர் வைத்தபோது அது தொடையிடுக்கில் நெறி கட்டி, நுரையீரல்வரை ஏறியிருந்தது. குதிகாலில் கறுப்பிருந்த சதையை வெட்டியெடுத்தார்கள். மேலே போனதை வெட்ட முடியாது. ஓர் அறக்கட்டளையின் தயவில் இம்யூனோதெரபி தொடங்கியது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏறும்.

டாக்டர் புனேக்காரர், சின்ன வயது. உடம்பின் காவல்காரர்களை இந்த மருந்து அவிழ்த்துவிடும், அவர்கள் புற்றை அடிப்பார்கள், சில சமயம் உன் சொந்த உறுப்புகளையும் வெளியாள் என்று நினைத்து அடித்துவிடுவார்கள் என்று இந்தியில் விளக்கினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மதராசி எவன் என்று தேடிக் கம்போடு வந்தவர்களைப் பற்றி எங்கள் சந்தின் முந்தைய தலைமுறை சொல்லச் சொல்லக் கேட்டவன் நான். என் இந்தி போதவில்லை என்று நினைத்து, அதையே இன்னும் மெதுவாக இன்னொரு தடவை சொன்னார் அவர்.

முதலில் அரிப்பு வந்தது. தாங்கினேன், சொரிந்துகொள்ள வரிசையில் நிற்க வேண்டாம். பிறகு தைராய்டு படுத்துக்கொண்டது. அதற்கு ஒரு மாத்திரை. நான்காவது தடவை மருந்து ஏற்றிய பிறகு வயிற்றால் போக ஆரம்பித்தது.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் கக்கூஸ் கிடையாது. சந்தில் யார் வீட்டிலும் கிடையாது. முனையில் பொதுக் கழிப்பறை, காலையில் நீள வரிசை, கையில் தண்ணீர் டப்பா. வந்த முதல் வாரமே இங்கே எவனும் கற்றுக்கொள்வது இந்தி அல்ல, அடக்குவது. பொழுது சாய்ந்தால் தண்ணீர் குடிப்பதில்லை. பருப்பைக் குறைப்பது, ரொட்டியைக் காய்ந்தபடியே தின்பது. பெண்கள் இதில் எங்களைவிடத் தேர்ந்தவர்கள். குடல் ஒரு நாய், கட்டிப்போட்டு வளர்க்கிறோம். கட்ட முடியாதவர்களுக்கு, கிழடுகளுக்கு, பிள்ளை பெற்றவர்களுக்கு, திரைக்குப் பின்னால் ஒரு பெயிண்ட் வாளி இருக்கும். வாளியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. விடியுமுன் அது வெளியே போய்த் திரும்பி வரும், பார்த்தவர்களும் பார்க்காதவர்கள்.

அந்த வாளி எங்கள் வீட்டுக்கு வந்தது. சிஸ்டரிடம் நான் சொன்ன மூன்று, வரிசையில் நின்ற மூன்று. வாளியைச் சொல்லவில்லை. வெட்கம் பாதி. மீதி பயம். பக்கத்து நாற்காலியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்த, டிராம்பேயிலிருந்து வந்த தமிழர் ஒருவர் காதோடு காதாகச் சொல்லியிருந்தார்: "நாலத் தாண்டிச்சுன்னு மட்டும் சொல்லிராதீங்க சார். மருந்த நிறுத்திருவாங்க. என் பக்கத்து பெட்காரனுக்கு நிறுத்திட்டாங்க." நுரையீரலில் இருந்தவை சுருங்கியிருப்பதாக அப்போதுதான் ஸ்கேன் சொல்லியிருந்தது. வேலை செய்கிற மருந்தை எவன் விடுவான்? சாப்பாட்டைக் குறைத்தேன். பிறகு தண்ணீரை. கட்டிப்போட்டுப் பழகிய கைதானே. இந்த முறை நாய் கயிற்றோடு சேர்த்து என்னையும் இழுத்தது.

வரிசையில் முதல் வாரம் மரியாதையாகத்தான் இருந்தது. "ஏ, அண்ணாச்சிய முன்னால விடுங்கப்பா, மேலுக்கு முடியல," என்றார்கள். இரண்டாவது வாரம், "என்ன வே, தெனமுமா?" என்றான் ஒருத்தன். பக்கத்து வீட்டுச் செல்வி, "அண்ணாச்சி, பேசாம ரேசன் கார்டையும் இந்த வெலாசத்துக்கு மாத்திருங்க," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்ததில் அடக்கியது நழுவிற்று. காலடியில் பார்த்தேன், ரத்தம். டப்பா உருண்ட சத்தம் மட்டும் நினைவிருக்கிறது.

கண் விழித்தபோது டாக்டர் சார்ட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். தினமும் தீன், தீன் என்றுதானே இருக்கிறது, பிறகு எப்படி இந்த நிலைமை என்று அவருக்குப் புரியவில்லை. இசக்கியின் இந்தி காய்கறிச் சந்தையில் கற்றது. "ஜூட் ஹை சாப்," என்றாள். பொய். "லைன் மே தீன். கர் மே பால்டி. தஸ், பாரா." வரிசையில் மூன்று, வீட்டில் வாளியில் பத்து, பன்னிரண்டு. பிறகு என் பக்கம் திரும்பி, "இனியும் எதையாவது மறைச்சீங்க, வியாதி எதுக்கு, நானே கொன்னு போட்டுருவேன்," என்றாள். டாக்டர் கோபப்படவில்லை. வீட்டில் டாய்லெட் இல்லையா என்று கேட்டார், உண்மையாகவே ஆச்சரியப்பட்டு. பீடி உண்டா, புகையிலை உண்டா, குடி உண்டா என்று பக்கம் பக்கமாகக் கேட்ட படிவத்தில் அந்த ஒரு கேள்வி இல்லை.

ஒன்பது நாள் நரம்பில் ஸ்டீராய்டு. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் குடல் ஓட்டையாகியிருக்கும் என்றார். முதல் வாரமே உண்மையைச் சொல்லியிருந்தால் மாத்திரையிலேயே அடங்கியிருக்கும், கொஞ்ச நாள் பொறுத்து மருந்தைத் தொடர்ந்திருக்கலாம் என்றும் சொன்னார். அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். "இனிமே?" என்று கேட்டேன். "தேக்தே ஹைன்." பார்க்கலாம். இந்த ஊர் அலுவலகங்களில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். எந்த மருந்துக்காகப் பொய் சொன்னேனோ அந்த மருந்தை அந்தப் பொய்யே தின்றுவிட்டது.

ஸ்டீராய்டு மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்க மூன்று மாதம். அதுவரை மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், கழிப்பறைக்கும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அனுப்பினார்கள். ஊரிலிருந்து தங்கச்சி போன் செய்தாள். "வந்துருங்கண்ணே. வீட்டுக்குள்ளயே கக்கூஸ் கெட்டியாச்சு, டைல்ஸ் போட்டு." அங்கே கக்கூஸ் இருக்கிறது, இந்த மருந்தின் பெயர் தெரிந்த டாக்டர் கிட்டத்தில் இல்லை. இங்கே டாக்டர் இருக்கிறார். ஒரு மனிதனின் குடலை இதைவிடச் சரியாக யாரும் இரண்டு ஊருக்கும் பங்கு வைத்திருக்க முடியாது.

இசக்கி மாதுங்காவில், நாலாவது மாடியில் ஒரு தமிழ் வீட்டில் சமையல் வேலை பார்க்கிறாள், பதினோரு வருடமாக, காலை எட்டிலிருந்து மாலை நான்கு வரை. அங்கே பின்னறை காலியாகக் கிடக்கிறது. பகலில் மட்டும் நான் அதில் படுத்துக்கொள்ளலாமா என்று மாமியிடம் கேட்டாள். "அடடா, பாவமே! தாராளமா அழைச்சிண்டு வாடி," என்றாராம் மாமி. "ஆனா பாத்ரூம் மட்டும்... மாமாவுக்கும் ஒடம்பு சரியில்லையோன்னோ. கீழே வாட்ச்மேன் பாத்ரூம் இருக்கே, நான் சொல்லி வைக்கறேன்." இசக்கி இதைச் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. எட்டிலிருந்து நாலு வரை, பதினோரு வருடம், இவள் எங்கே போனாள்? நான் கேட்டதே இல்லை. கேட்டேன். "போறதில்ல," என்றாள்.

மறுநாள் அவள் மத்தியானமே திரும்பிவிட்டாள். பையை வைத்துவிட்டு உட்கார்ந்து சிரித்தாள்.

"மாமி பாத்ரூமுக்குள்ள போயித் தாழ்ப்பாளப் போட்டுட்டேன். அரை மணி நேரம். அவ கதவத் தட்டுதா, இசக்கி என்னடி பண்றே, என்னடி பண்றேன்னு. பண்ணுததச் சொல்லவா முடியும்?"

"வேலை?"

"வேலைக்கு வர வேண்டாம்னுட்டா." காலை நீட்டிக்கொண்டாள். "உள்ள ஒரு சன்னல் இருக்குங்க. எக்கிப் பாத்தா தண்டவாளம். அதுக்கு அங்கிட்டு நம்ம தாராவி, தகரமா."

ஸ்டீராய்டில் என் முகம் உப்பிக் கிடந்தது. சிரிப்பதற்குத் தோல் இழுத்தது. "கக்கூஸ் வரிசை தெரிஞ்சுதா?" என்றேன்.

"தெரிஞ்சுது," என்றாள். "நீங்க நின்னுக்கிட்டு இருந்தீங்க."

நாலாவது மாடியிலிருந்து, அவ்வளவு தூரத்தில், யாரையும் அடையாளம் தெரிந்திருக்காது. ஆனால் அந்த நேரத்தில் நான் அங்கேதான் நின்றேன்.