கந்தப்பளையில் விரித்த சால்வை

1960 ஜனவரி, ஒரு சனிக்கிழமை. காலை ஆறரைக்கு நோட்டன் பிரிட்ஜில் பஸ் ஏறினேன். ஹட்டன் வரை வளைவுக்கு மேல் வளைவு. வாந்தி எடுக்காமல் போய்ச் சேர்ந்தால் அதுவே பெரிது. கந்தப்பளையில் என் தங்கை மரியா இருக்கிறாள். அவள் புருஷன் ஜோசப்புக்கு அங்கே தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. ஆறு மாதமாக மெல்லிய நூலில், ஓட்டை ஓட்டையாக ஒரு சால்வை பின்னுகிறாளாம். பின்னக் கற்றுக்கொடுத்தவள் நான் என்பதால், நான் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே தோளில் போடப்போவதாக எழுதியிருந்தாள். அதற்காகவே இந்தப் பயணம்.

ஹட்டனில் எட்டரைக்கு ரயில். மூன்றாம் வகுப்பில் ஜன்னலோரம் கிடைத்தது. புருஷனுக்குப் பின்னிக்கொண்டிருந்த தவிட்டு நிறக் கம்பளிச் சட்டையை எடுத்தேன். சிங்கமலைச் சுரங்கத்தில் பெட்டி இருண்டபோதும் என் கை நிற்கவில்லை. என் பின்னலுக்கு வெளிச்சம் தேவையில்லை. எதிரே, லீக்ஸ் காய்கறி விற்றுவிட்டு வெறுஞ்சாக்கோடு திரும்பும் ஒருவர்.

"ஏங்க, வீட்ல யானை ஏதும் கட்டியிருக்கீங்களா?" என்றார்.

"புருஷனுக்குத்தாங்க. அவரும் அந்த அளவுதான்."

தலவாக்கலை வரை சிரித்துக்கொண்டே வந்தார்.

நானுஓயாவில் இறங்கி, நுவரெலியாவுக்கு ஐந்து மைல். அங்கே பதினைந்து சதத்துக்கு டீயும் பணிஸ் ரொட்டியும். கந்தப்பளைக்கு இன்னும் எட்டு மைல், பஸ்ஸுக்கு முப்பது சதம். முட்டைக்கோவா, கரட் பாத்திகள், பிறகு தேயிலை. குளிர் எலும்புக்குள் இறங்கியது. இந்தக் குளிருக்கு எவளாவது மெல்லிய நூலில் ஓட்டை ஓட்டையாகப் பின்னுவாளா என்று பஸ்ஸிலேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது.

இரண்டு மணிக்கு வீடு. நூல், தோட்டத்து வெள்ளைக்காரத் துரைசானி சீமைக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனதாம். மரியா விடாமல் பேசினாள். சால்வை முழுக்க இலை இலையாகப் பின்னலாம்; ஒரு வரியில் இலையின் காம்பு வரும், எட்டு வரி கழித்து நுனி வரும். சாயந்தரம் எது வரும் என்று காலையில் சோறு வடிக்கும்போதே மனசு பரபரக்குமாம்.

"ஒரு ஓட்டை விட்டாலும் மண்டையில குட்டுவீங்களேக்கா. அத்தனை ஓட்டையும் இதுல வேணும்னே போட்டிருக்கேன்" என்று சிரித்தாள்.

பிறகு எடுத்துக் காட்டினாள். சுருண்டு, கசங்கி, வெயிலில் கிடந்த கோவா இலை மாதிரி இருந்தது.

"இதுக்கா ஆறு மாசம் உக்காந்த? பாத்திரம் துடைக்கலாம்."

"இன்னும் முடியலக்கா. நனைச்சு இழுத்து விரிக்கணும். அப்பத்தான் தெரியும்."

"ஒழுங்கா பின்னினா ஊசியை விட்டு இறங்குறப்பவே தெரியும்டி."

நான் பின்னியதெல்லாம் கனத்த கம்பளி. அது ஊசியில் எப்படியோ உடம்பிலும் அப்படித்தான். வேறொன்றும் எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லத்தான் வாய் வரவில்லை. மரியா அதை மடித்து உள்ளே வைத்தாள். எனக்குப் பிடிக்கும் என்று மீன் பொரித்தாள்.

ஞாயிறு. பூசை முடிந்து நான் வீடு திரும்பியபோது ஒன்பது மணி. எனக்கு முன்னால் கிளம்பிய மரியாவையும் ஜோசப்பையும் காணோம். தொழிற்சாலைப் பக்கம் போனதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள், நானும் போனேன். சனிக்கிழமைக் கொழுந்தை விடியுமுன்பே இறக்கிவிட்டதால், மேல்மாடியில் கொழுந்து வாட்டும் சாக்குத் தட்டுகள் வெறுமையாக இருந்தன. ஒன்றின்மேல் ஈரச் சால்வையை இழுத்து, ஓரமெல்லாம் குண்டூசி குத்திக்கொண்டிருந்தார்கள்.

கதவகலத்துக்கு விரிந்திருந்தது. இலைக்குப் பக்கத்தில் இலை, நரம்புகூடத் தெரிந்தது. அந்த ஓட்டைகள் இல்லாவிட்டால் ஒரு இலையும் இல்லை.

மறுமுனையைப் பிடித்திருந்த ஜோசப் சொன்னார்: "இந்த மொனைய நீங்கதான் பிடிக்கணும்னு ஒரு வாரமா சொல்லிக்கிட்டிருந்தா."

"நல்லா இருக்குடி" என்றேன்.

மரியா வாயிலிருந்த குண்டூசியை எடுத்தாள். "இருக்கட்டும்க்கா. பதினோரு மணி பஸ்ஸைப் பிடிங்க."

திரும்பும் ரயிலில் சட்டையின் கையை முடித்துவிட்டேன். நோட்டன் பிரிட்ஜில் மழை. புருஷன் போட்டுப் பார்த்துவிட்டு, கதகதப்பாக இருக்கிறது என்றார். இருக்கும். ஒரு ஓட்டை கிடையாது. ஆனால் அதில் அடுத்த வரி என்ன வரும் என்று நான் ஒரு நாளும் காத்திருந்ததில்லை. மரியா ஆறு மாதம் காத்திருந்தாள். கடைசி வரிக்குப் பிறகு என் ஒரு சொல்லுக்காகவும் காத்திருந்தாள். பாத்திரம் துடைக்கலாம் என்றேன்.