அலகு குத்தியவரின் கடவாய்ப் பல்

முடிச்சூரில் ஜெயவேலு என்றால், மணல் ஜல்லி வியாபாரம் பண்ணுகிறாரே அவரா என்று கேட்பவர்கள் பாதிப் பேர். மீதிப் பேர், "அலகு ஜெயவேலுவா?" என்பார்கள். ஆடிக் கிருத்திகைக்கு ஊரிலிருந்து குன்றத்தூர் மலைக்குப் புறப்படும் காவடிக் கூட்டத்துக்கு அவர்தான் எல்லாம். ஒரு கன்னத்தில் நுழைந்து மறு கன்னத்தில் வெளியே வரும் வேலோடு, மேளத்துக்கு முன்னால் வெறுங்காலில் நடப்பார். ஒரு வருஷமும் தவறியதில்லை. முதல் தடவை அலகு குத்திக்கொள்ள வந்து நடுங்குகிறவர்களைக் கண்டால் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். "வலியாவது மண்ணாவது. மனசு சுத்தமா இருந்தா ஒண்ணும் தெரியாது. பொம்பள மாதிரி நடுங்குறியே" என்பார். அதைக் கேட்டுக் கூசிப்போய், வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பியவர்களும் உண்டு.

அப்பேர்ப்பட்டவரை, தொண்ணூற்றொன்றாம் வருஷம், கிருத்திகை நெருங்குகிற நேரம் பார்த்து, ஒரு கடவாய்ப் பல் பிடித்துக்கொண்டது. கிராம்பு வைத்தார், உப்புத் தண்ணீர் கொப்பளித்தார், மருந்துக் கடையில் கேட்டு மாத்திரை வாங்கி விழுங்கினார். பல் எதற்கும் மசியவில்லை. தாடை வீங்கியதுதான் மிச்சம். வீங்கின கன்னத்தில் வேல் ஏறாது. காப்புக் கட்டுவதற்குள் பல்லைப் பிடுங்கியாக வேண்டும், இல்லையென்றால் இந்த வருஷம் கூட்டத்துக்குப் பின்னால் சும்மா கைவீசிக்கொண்டு நடக்க வேண்டும். அதைவிடச் செத்துப்போகலாம் என்று நினைத்தார் ஜெயவேலு.

"நானும் வர்றேன்" என்றாள் அவர் பெண்டாட்டி தையல்நாயகி.

"நீ எதுக்கு? நா இன்னா பச்சக் கொழந்தையா?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். மேற்குத் தாம்பரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், பல் டாக்டரின் மாடிப்படி எந்தச் சந்துக்குள் இருக்கிறது என்று யாரையும் கேட்காமல் அவள்தான் முன்னால் போனாள். வலியில் இருந்த மனுஷனுக்கு அது உறைக்கவில்லை.

டாக்டர் சின்ன வயசுப் பெண். அவர் கன்னத்தைத் திருப்பிப் பார்த்தவள், "இதென்ன சார், ரெண்டு பக்கமும் தழும்பு?" என்றாள்.

ஜெயவேலு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அலகு குத்திக்கினது மேடம். வருசா வருசம். ஒரு சொட்டு ரத்தம் வராது, நம்புவீங்களா?"

"அப்ப இந்த ஊசி உங்களுக்கு ஒண்ணுமே இல்ல" என்று சிரித்தாள் டாக்டர்.

சும்மா இருந்திருக்கலாம் அவர். "நீங்க பாட்டுக்குப் போடுங்க. இத்த விடப் பெருசெல்லாம் பாத்தவன் நானு" என்று வேறு சொல்லி வைத்தார்.

ஊசி கிட்டே வந்தது. மேளம் இல்லை, அரோகரா இல்லை, விபூதி வாசனை இல்லை. டெட்டால் வாசனையும், தலைக்கு மேல் ஒரு விளக்கும், பளபளவென்று ஊசி முனையும்தான். அது ஈறைத் தொட்டதும், "ஐயோ, அம்மா" என்று ஜெயவேலு போட்ட சத்தத்தில் கீழே மருந்துக் கடைக்காரர் தலையை நீட்டி மேலே பார்த்தார். ஜெயவேலு டாக்டரின் கையைத் தட்டிவிட்டார். தட்டு கவிழ்ந்து சாமான்கள் தரையில் உருண்டன. கழுத்தில் கட்டியிருந்த துணியோடு எழுந்து மாடிப்படி வரைக்கும் ஓடிவிட்டார். வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். அந்தப் பெஞ்சில், தாடையில் கை வைத்தபடி, அவர் தெருமுனையில் இட்லிக் கடை போடும் கிளியம்மாளும் இருந்தாள். அவளைப் பார்த்ததும் ஜெயவேலுவுக்கு உயிரே போய்விட்டது.

தையல்நாயகிதான் தோளைப் பிடித்துத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனாள். இன்னொரு ஊசி போட வேண்டியிருந்தது. நர்ஸ் தலையைப் பிடிக்க, பெண்டாட்டி இரண்டு காலையும் பிடிக்க, கண்ணீர் காதுவரைக்கும் வழிய, அலகு ஜெயவேலுவின் பல் வெளியே வந்தது.

ஆட்டோவில் வரும்போது பஞ்சைக் கடித்த வாயோடு ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "சொல்லாத."

"நா யாருகிட்ட சொல்லப் போறேன்" என்றாள்.

அவள் சொல்லமாட்டாள். கிளியம்மாள் சும்மா இருப்பாளா? காலையில் ஊரில் பாதி அவள் கடையில்தான் இட்லி வாங்குகிறது. ஜெயவேலு உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிப் படுத்தார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது, அதுவும் மரத்துக் கிடந்தது. இத்தனை வருஷம் வலிக்கவில்லை என்று சொன்னது முருகன் தயவா, மேளத்தின் தயவா, இல்லை ஊரே பார்க்கிறது என்கிற வீராப்பா என்று யோசித்துப் பார்த்தார். யோசிக்க யோசிக்கக் கூச்சம்தான் அதிகமாயிற்று.

தையல்நாயகி எதிர்வீட்டு ஃபிரிட்ஜிலிருந்து ஐஸ் வாங்கி வந்து துணியில் சுற்றிக் கன்னத்தில் வைத்தாள். பஞ்சை மாற்றினாள். "எச்சியத் துப்பாதீங்க. துப்பினா ரத்தம் நிக்காது. முழுங்கிடுங்க" என்றாள். டாக்டர் சொன்னதை நன்றாகத்தான் மனசில் வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

வெயில் தாழ அரிகிருஷ்ணன் வந்தான். காவடிக் கூட்டத்தில் அவருக்கு வலது கை அவன்தான். கதவுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, "அண்ணனுக்குப் பல்லு எடுத்தாச்சா அண்ணி? காப்புக் கட்டுற நாளு பேசணுமே" என்றான்.

"எடுத்தாச்சு. தூங்கறாரு."

"அண்ணனுக்கு இதெல்லாம் ஜுஜுபி. ஊசி போடறப்பக் கண்ணக்கூட மூடியிருக்க மாட்டாரு."

"ஆமா. மூடல" என்றாள் தையல்நாயகி.

ஜெயவேலு உள்ளே கண்ணை இறுக மூடிக்கொண்டார். தனக்காக அவள் பொய் சொல்லும்படி ஆகிவிட்டதே என்று உடம்பெல்லாம் கூசியது. அப்போதுதான் வாசலில் அந்தக் குரல் கேட்டது. கிளியம்மாள்.

"தையலு, உன்னத்தான் பாக்க வந்தேன். மத்தியானம் உன் வூட்டுக்காரரு போட்ட சத்தத்துல எனக்குக் கையி காலு வெலவெலத்துப் போயி, பல்லும் வாணாம் ஒண்ணும் வாணாம்னு எழுந்து வந்துட்டேன். அலகு குத்திக்கிற ஆளே எழுந்து ஓடுனா, நா எப்டிம்மா தாங்குவேன்?"

முடிந்தது. அரிகிருஷ்ணன் காதிலும் விழுந்தாயிற்று. ஊரில் தலைகாட்டியது இத்தோடு சரி என்று நினைத்தார் ஜெயவேலு. ஆனால் கிளியம்மாள் விடவில்லை.

"நீ மட்டும் எப்டித் தாங்குன? மாசி மாசம் தனியா வந்து ஒரே நாள்ல ரெண்டு பல்லு எடுத்துக்கினு போனியே. டாக்டரம்மா இன்னிக்கிகூட எங்க எல்லாருக்கும் சொல்லுது, அந்தம்மா மூச்சு விடல, பஞ்சக் கடிச்சிக்கினு பஸ் ஏறிப் போச்சுன்னு. உனுக்கு வலிக்கலியா?"

"வலிக்காம இருக்குமாக்கா?" என்றாள் தையல்நாயகி. "வூட்ல வேல கெடந்துச்சு. அன்னிக்கின்னு பாத்து காவடிக்காரங்க அல்லாரும் சாப்பிட வந்தாங்க. மீன் கொழம்பு வைக்கணும்."

ஜெயவேலு படுக்கையில் எழுந்து உட்கார்ந்தார்.

அந்த மீன் குழம்பு அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கூட்டம் மொத்தமும் இலையில் உட்கார்ந்திருந்தது. குழம்பில் உப்பே இல்லை. அரிகிருஷ்ணன் முதற்கொண்டு அத்தனை பேர் முன்னாலும், "இன்னாடி இது, நாக்கு செத்துப்போச்சா உனக்கு?" என்று இலையைத் தள்ளிவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். வெட்கப்பட்டுப் போகிறாள் என்று நினைத்து அவரும் சேர்ந்து சிரித்தார். அதற்கப்புறம் பல நாள் அவள் ஒரு பக்கமாகவே மென்றிருப்பாள். அவர் ஒரு நாளும் பார்க்கவில்லை.

வெளியே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. "நாளைக்கி வர்றேன் அண்ணி" என்ற அரிகிருஷ்ணனின் குரல் தேய்ந்திருந்தது. அன்றைக்குச் சிரித்தவர்களில் அவனும் ஒருவன். கிளியம்மாளும், "நாளைக்கி என்கூட வாயேன், கையப் புடிச்சிக்கினா போதும்" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

தையல்நாயகி ஆறின கேழ்வரகுக் கூழைச் சொம்பில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொம்பைப் பார்த்தார்.

"உப்பு போதுமா பாருங்க."

ஒரு வாய் குடித்தார். பாதி நாக்கு இன்னும் மரக்கட்டையாகக் கிடந்தது. உப்பு இருக்கிறதா இல்லையா, ஒன்றும் விளங்கவில்லை.

"தெரில தையலு."

"தெரியாது. மருந்து எறங்குற வரைக்கும் அப்டித்தான் இருக்கும்." அவள் சொம்பை வாங்கி, உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தாள். போய் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் கலக்கி எடுத்துவந்து கொடுத்தாள்.

"அன்னிக்கி... அந்தக் கொழம்பு..." என்று ஆரம்பித்தார் ஜெயவேலு. கடைவாயில் எச்சிலும் ரத்தமுமாக வழிந்தது.

அவள் முந்தானையால் அதைத் துடைத்துவிட்டாள். "இப்ப எதுக்கு அது. துப்பாதீங்க, முழுங்கிடுங்க" என்றாள்.

ஜெயவேலு தலையைக் குனிந்துகொண்டு முழுங்கினார்.